ஜாம் போத்தல் விளக்கும் செங்குறுமீனும்: கிட்ட இருக்கும் கோள்களுக்கு என்ன நடக்கிறது?

மருமகன் உயர்தரம் படிக்கிறான். போன கிழமை வட்ஸ்அப்பில் வந்த "இரண்டாவது பூமி" செய்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். "மாமா, இதிலை நட்சத்திரம் குளிர் எண்டு போட்டிருக்கு. கீழை பாத்தா, அதே நட்சத்திரம் சுடர் வீசிக் கோளைப் பொசுக்கும் எண்டும் போட்டிருக்கு. குளிரெண்டால் எப்பிடிப் பொசுக்கும்?"

நியாயமான கேள்வி. செய்தி எழுதியவருக்கு அது தோன்றவில்லை. குளிர்ந்த விண்மீன், வாழத் தகுந்த கோள், சூரியப் புயல் என்ற மூன்று சொற்களையும் எல்லோரும் கதைக்கிறோம். மூன்றையும் பிழையாகத்தான் கதைக்கிறோம். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு குளிர்?

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் ஊதினால் வெள்ளையாகும். சிவந்த இரும்பை "குளிர்ந்த இரும்பு" என்று யாரும் கையில் எடுப்பதில்லை. விண்மீனிலும் கதை அதுதான். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். செய்திகளில் வரும் "குளிர்ந்த" விண்மீன்களின் மேற்பரப்பு 2,000 தொடக்கம் 3,500 பாகை வரை இருக்கும். இரும்பு உருகுவதற்கு 1,538 பாகை போதும். ஆகவே இந்தக் குளிர், சூரியனோடு ஒப்பிட்டுச் சொல்லும் குளிர்.

இப்படிச் சிறியதாய், சிவந்து, மங்கி எரியும் விண்மீனைச் செங்குறுமீன் என்பார்கள். எங்களைச் சுற்றியுள்ள விண்மீன்களில் நாலில் மூன்று பங்கு இந்த வகைதான். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. அவ்வளவு மங்கல்.

வைகாசியில் இரவு பத்து மணியளவில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் போய், கடலேரிக்கு மேலே நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டிப் பெருவிரலையும் சின்னிவிரலையும் விரித்தால் வரும் உயரத்துக்குள் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றில் கூடப் பளிச்சென்று இருப்பது அல்பா சென்டோரி. அதற்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், சூரியனுக்கு மிகக் கிட்டிய விண்மீன் இருக்கிறது: புரொக்சிமா சென்டோரி, 4.24 ஒளியாண்டு தூரம். இவ்வளவு கிட்ட இருந்தும் 1915இல்தான், யொகன்னஸ்பேர்க்கில் இருந்த றொபேட் இன்னெஸ் என்ற வானியலாளர் அதைக் கண்டுபிடித்தார். திணிவில் சூரியனின் எட்டில் ஒரு பங்கு. வெளிவிடும் மொத்தச் சக்தியில் அறுநூறில் ஒரு பங்குதான்.

கிட்ட இருந்தால்தான் படிக்கலாம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. அதனால் வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சப் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், நூல் போன்ற ஒரு திரி. இரவு முழுக்க எரியும். வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பெற்றோல்மாக்ஸ் இருந்த வீட்டில் விறாந்தை முழுக்கப் பிள்ளைகள் பரவி இருந்து படிக்கலாம். எங்களுக்கோ கொப்பியையும் முகத்தையும் விளக்கோடு ஒட்டிவைத்தால்தான் எழுத்துத் தெரியும்.

மங்கிய விண்மீனைச் சுற்றும் கோளுக்கும் இதே நிலைமை. தண்ணீர் உறையாமலும் ஆவியாகாமலும் இருக்கச் சூடு வேண்டும், விண்மீன் மங்கல், ஆகவே கோள் ஒட்டி இருக்க வேண்டும். ஏற்ற வளிமண்டலம் இருந்தால் கோளின் மேற்பரப்பில் தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரத்தைத்தான் வாழ்தகு வலயம் என்கிறார்கள். சூரியனுக்கு அந்த வலயத்தில் பூமி 150 மில்லியன் கிலோமீற்றரில் இருக்கிறது. புரொக்சிமாவின் வலயத்தில், 2016இல் அறிவிக்கப்பட்ட புரொக்சிமா பி என்ற கோள் வெறும் 7.3 மில்லியன் கிலோமீற்றரில் சுற்றுகிறது. அதன் ஒரு வருடம் எங்களின் 11.2 நாள். 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள டிரப்பிஸ்ட்-1 இன்னும் சின்னது, வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள். உள்ளே இருப்பது ஒன்றரை நாளில் ஒரு சுற்று, கடைசிக் கோள் ஏறத்தாழ 19 நாளில் ஒரு சுற்று. எங்கள் சூரியனைச் சுற்றும் புதனின் பாதைக்குள் அந்த ஏழு பாதைகளையும் வைத்த பிறகும் இடம் மிஞ்சும்.

இவ்வளவு கிட்ட இருந்தால், விண்மீனின் ஈர்ப்பு கோளின் சுழற்சியைப் பிடித்து நிறுத்தி, பெரும்பாலும் ஒரு பக்கமே எப்போதும் விண்மீனைப் பார்க்கும்படி செய்துவிடும். எங்கள் சந்திரன் ஒரே முகத்தைக் காட்டுகிறதே, அந்த மாதிரி. இதற்கு ஈர்ப்புப் பூட்டு என்று பெயர். ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மற்றப் பக்கம் நிரந்தர இரவு. இதைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போதைக்கு விடுவோம்.

வலயம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காணி விளம்பரத்தில் "தார் றோட்டுக்கு அருகில்" என்று போட்டிருந்தால் காணி றோட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கிணற்றில் நல்ல தண்ணீரா, உவரா? மழைக்கு வெள்ளம் நிற்குமா? விளம்பரம் வாய் திறக்காது. வாழ்தகு வலயமும் ஒரு றோட்டோரக் காணிதான். தூரம் சரி, சூடு சரி என்கிறது. மற்றதெல்லாம் நேரே போய்ப் பார்க்க வேண்டியவை.

இதுவரை: குளிர்ந்த விண்மீன் என்றால் மங்கிய விண்மீன். மங்கல் என்பதால் கோள் கிட்ட இருந்தால்தான் இதமான சூடு. சாதுவான விண்மீனா இல்லையா என்பதைப் பற்றி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

சுடர்வீச்சு நெருப்பு அல்ல

ஆங்கிலத்தில் ஃபிளேர். தமிழில் சுவாலை, தீப்பிழம்பு, சூரியப் புயல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். சுவாலை என்றதும் நெருப்பு நினைவுக்கு வரும், அதுதான் பிழையின் ஆரம்பம். இந்தக் கட்டுரையில் சுடர்வீச்சு என்றே சொல்கிறேன். இங்கே எதுவும் பற்றி எரிவதில்லை. இது காந்தத்தின் வேலை.

பெரிய பானையில் ஒடியல் கூழ் கொதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் சூடான கூழ் மேலே வரும், மேலே ஆறியது கீழே போகும், இடைக்கிடை 'பொளக்' என்று ஒரு கொப்புளம் வெடித்துக் கையில் தெறிக்கும். விண்மீனுக்குள்ளும் வாயு இப்படிப் புரளுகிறது. ஆனால் அது சாதாரண வாயு அல்ல. சூட்டினால் அணுக்கள் உடைந்து, மின்னேற்றம் உள்ள துணிக்கைகளாகிவிட்ட வாயு. அதற்குப் பெயர் பிளாஸ்மா. மின்னேற்றம் ஓடினால் காந்தம் பிறக்கும். ஆகவே விண்மீன் புரளப் புரள, சுழலச் சுழல, அதன் காந்தப்புலமும் இழுபட்டு முறுகுகிறது.

முறுகினால் என்ன நடக்கும்? தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்தவர்களுக்கு இது சுலபம். காற்று இழுக்கும்போது நூல் விறைத்து நிற்கும். இரண்டு பட்டத்தின் நூல்கள் குறுக்கே சிக்கினால் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று அராவும், பிறகு 'டப்' என்று அறும். அறுந்த நூல் சுண்டி அடித்தால் விரல் கிழியும். அந்த அடியின் சக்தி எங்கிருந்து வந்தது? நூலில் ஏற்கெனவே ஏறியிருந்த இழுவையிலிருந்து. இப்போது ஒரு படி கூட்டி யோசியுங்கள்: சிக்கிய இடத்தில் அறுந்ததும், உங்கள் நூலின் மேல்பாதி என் நூலின் கீழ்பாதியோடு ஒட்டிக்கொள்கிறது. எதிரெதிர்த் திசையில் போகும் காந்தக் கோடுகள் நெருங்கும்போது இதுதான் நடக்கிறது: அறுந்து, வேறு சோடியாகச் சேர்ந்து, இழுவை குறைந்த வடிவத்துக்கு வருகின்றன. இதற்குக் காந்த மறுஇணைவு என்று பெயர். மிஞ்சிய சக்தி சில நிமிடங்களில், சிலவேளை சில செக்கன்களில், வெளியே பாய்கிறது. (காந்தக் கோடு என்பது நாங்கள் விளங்கிக்கொள்ள வரைவது. அங்கே உண்மையில் நூல் எதுவும் தொங்கவில்லை.)

வெளிப்பட்ட சக்தி பக்கத்து வாயுவைப் பத்து மில்லியன் பாகைக்கு மேலும் சூடாக்கும். அப்போது வானொலி அலை முதல் எக்ஸ் கதிர் வரை எல்லா வகை ஒளியும் ஒரே அடியாகக் கூடும். அந்தத் திடீர் ஒளிதான் சுடர்வீச்சு.

சின்ன விண்மீன் ஏன் பெரிய சண்டைக்காரனாக இருக்கிறது? சூரியனில் வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் மட்டுமே கூழ் மாதிரிப் புரளுகிறது, உள்ளே அமைதி. திணிவு சூரியனின் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைந்த செங்குறுமீன்களில் நடு வரைக்கும் பானை முழுவதும் புரளுகிறது. பலமான காந்தப்புலம் உருவாகிறது, அதுவும் நீண்ட காலம் நிலைக்கிறது. சூரியன் இளமையில் ஆடிவிட்டு அடங்கிய ஆள். செங்குறுமீன்கள் நூற்றுக்கணக்கான மில்லியன் ஆண்டுகளுக்கு, சிறியவை அதற்கும் மேலாக, அடங்குவதில்லை.

மின்னல், காற்று, மழை

பத்திரிகைகள் ஒன்றாகக் குழைத்து "சூரியப் புயல்" ஆக்கிவிடும் மூன்று விடயங்களைப் பிரித்துக்கொள்வோம். ஐப்பசியில் மழை வருகிற விதத்தை நினையுங்கள். முதலில் மின்னல். பிறகு குளிர் காற்று வேகமாக வந்து படலையை அடிக்கும். அதற்குப் பிறகுதான் மழை.

மின்னலின் இடத்தில் சுடர்வீச்சு. அது ஒளி. சூரியனிலிருந்து பூமிக்கு எட்டு நிமிடம் இருபது செக்கன். புரொக்சிமா பிக்கு 24 செக்கன்தான். காற்றின் இடத்தில், மறுஇணைவில் உதைபட்டு ஓடிவரும் அதிவேகப் புரோத்தன்கள். பூமிக்கு வரப் பல நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ எடுக்கும். மழையின் இடத்தில் பிளாஸ்மா உமிழ்வு: விண்மீன் தன் உடம்பிலிருந்தே பெரிய பிளாஸ்மா முகில் ஒன்றைக் காந்தத்தோடு சேர்த்துப் பிய்த்து எறிவது. செக்கனுக்கு 1,000 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் பூமிக்கு ஏறத்தாழ 42 மணித்தியாலம். புரொக்சிமா பிக்கு இரண்டு மணித்தியாலம்.

1859 செப்டெம்பர் 1 அன்று இங்கிலாந்தில் றிச்சட் கரிங்டன் சூரியனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது அவற்றின் மேல் வெள்ளையொளி பளிச்சிட்டு மறைந்ததைப் பார்த்தார். அது மின்னல். பதினேழு மணித்தியாலத்துக்குப் பிறகு மழை வந்து சேர்ந்தது. தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆறு மில்லியன் பேரை ஒன்பது மணித்தியாலம் இருட்டில் வைத்ததும் இந்த மழைதான், மின்னல் அல்ல.

எல்லா மின்னலுக்குப் பிறகும் மழை பெய்வதில்லை. செங்குறுமீன்களில் மேலே உள்ள காந்தப்புலம் பலமாக இருப்பதால், கூரை போட்டது மாதிரி அது பல உமிழ்வுகளை வெளியே விடாமல் அமுக்கிவிடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. ஒளிக்கு அந்தக் கூரை தடையல்ல.

சுருக்கமாக: சுடர்வீச்சு ஒளி, புரோத்தன் துணிக்கை, உமிழ்வு பிளாஸ்மா முகில். மூன்றுக்கும் காந்தம்தான் தாய். வந்து சேரும் நேரமும் செய்யும் வேலையும் வேறு வேறு.

இருபது மடங்கு கிட்ட, நானூறு மடங்கு அடி

மருமகனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விளக்கிலிருந்து ஓர் அடியில் பிடித்த கொப்பியை இரண்டு அடிக்குக் கொண்டுபோனால் வெளிச்சம் பாதியாவதில்லை, காலாகும். மூன்று அடியில் ஒன்பதில் ஒன்று. இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். புரொக்சிமா பி, பூமியைவிட ஏறத்தாழ இருபது மடங்கு கிட்ட இருக்கிறது. ஆகவே ஒரே அளவான சுடர்வீச்சு இரண்டு விண்மீன்களிலும் நடந்தால், அதன் ஒளி புரொக்சிமா பியில் நானூறு மடங்கு பலமாக விழும்.

சும்மா இருக்கும்போது இந்தக் கிட்டமே கோளைக் காப்பாற்றுகிறது. விண்மீன் மங்கல், கோள் கிட்ட; இரண்டும் சேர்ந்து, பூமிக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குச் சூடு கிடைக்கிறது. ஆனால் சுடர்வீச்சு மங்கலாக வருவதில்லை. ஜாம் போத்தல் விளக்கின் திரியில் தண்ணீர் பட்டால் 'பட பட' என்று சீறும். பெற்றோல்மாக்ஸ் காரன் தூர இருந்து சிரிப்பான். எனக்கு முன்மயிர் ஒருமுறை பொசுங்கி, வீடு முழுக்க அந்த நாற்றம். அம்மா விளக்கைத்தான் முதலில் பார்த்தா, மண்ணெண்ணெய் சிந்திவிட்டதோ என்று.

புரொக்சிமா சீறியதை அளந்தும் இருக்கிறார்கள். 2016 மார்ச்சில், சிலியில் வானம் முழுவதையும் படம் பிடிக்கும் ஒரு தொலைநோக்கி, அது சாதாரண ஒளியில் 68 மடங்கு பிரகாசித்ததைப் பதிந்தது. மிக இருட்டான இடத்தில் அந்தச் சில நிமிடங்கள் வெறுங்கண்ணுக்கே மட்டுமட்டாகத் தெரிந்திருக்கும். 2019 மே 1ஆம் திகதி இன்னொன்று: சில செக்கன்களுக்குள் புற ஊதாவில் (எங்கள் பாடப்புத்தகத்தில் கழியூதா) 14,000 மடங்கு. அதை ஹபிள் தொலைநோக்கியும் சிலியின் அல்மா வானொலித் தொலைநோக்கியும் சேர்ந்து பார்த்தன.

14,000 என்றதும் கோள் கருகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. சிவந்த விண்மீன் வழமையாக விடும் புற ஊதா மிகக் குறைவு. ஐந்து ரூபாயின் 14,000 மடங்கும் ஐயாயிரம் ரூபாயின் 14,000 மடங்கும் ஒன்றல்ல. அந்த வீச்சு முழுவதும் முடிய எடுத்ததும் ஏழு செக்கன்தான்.

பொசுங்குவது தரை அல்ல

ஏழு செக்கன் வெளிச்சத்தில் ஒரு கோளின் தரையோ கடலோ சூடேறாது. அடி விழுவது வளிமண்டலத்துக்கு. எக்ஸ் கதிரையும் புற ஊதாவையும் மேல் வளிமண்டலம் உறிஞ்சிச் சூடாகி உப்பும். உப்பிய வாயுவின் ஒரு பகுதி கோளின் ஈர்ப்பை மீறித் தப்பிப் போகும். நீராவி இருந்தால் அது ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் உடையும். இலேசான ஐதரசன் முதலில் ஓடிவிடும். திரும்ப நீராகச் சேர ஆளில்லை. புரோத்தன்கள் வந்தால் நைதரசனை உடைத்து, ஓசோனைத் தின்னும் சேர்மங்களை உண்டாக்கும். ஓசோன் போனால் அடுத்த சுடர்வீச்சின் புற ஊதா தரை வரை இறங்கும்.

ஒருமுறை நடந்தால் கோள் தாங்கும். கஷ்டம் என்னவென்றால், இது கிழமைக்குக் கிழமை, மில்லியன் கணக்கான ஆண்டுகளுக்கு நடக்கிறது. அதற்கு முதல் இன்னொரு சோதனையும் இருந்திருக்கும். செங்குறுமீன் பிறந்து அடங்கி இப்போதைய மங்கலுக்கு வரவே நூற்றுக்கணக்கான மில்லியன் ஆண்டு எடுக்கும். அதுவரை அது கூடப் பிரகாசம். இன்று இதமான இடத்தில் இருக்கும் கோள், அன்று அதே இடத்தில் அடுப்புக்கு மேல் இருந்தது.

நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் செவ்வாய் பக்கத்திலேயே சாட்சி. ஒரு காலத்தில் ஆறு ஓடிய அந்தக் கோளின் வளிமண்டலத்தில் பெரும்பகுதியை, இவ்வளவு சாதுவான எங்கள் சூரியனே உரித்துவிட்டது. டிரப்பிஸ்ட்-1இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் முதல் இரண்டு கோள்களின் சூட்டை அளந்தது. முதலாவதன் பகல் பக்கம் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ். சூட்டை மற்றப் பக்கத்துக்குப் பரப்பும் வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் இல்லை. இரண்டாவது 107 பாகையளவில். வெள்ளி மாதிரித் தடித்த காபனீரொட்சைட்டுப் போர்வை அதற்கும் இல்லை. இரண்டுமே வாழ்தகு வலயத்தைவிட விண்மீனுக்குக் கிட்ட இருப்பவை, ஆகவே மற்ற ஐந்துக்கும் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அளக்கும் நேரம் பார்த்து விண்மீன் சுடர் வீசி அளவைக் குழப்புவதும் நடக்கிறது.

கோளுக்குச் சாதகமாகவும் சில உண்டு

வேகமாகச் சுழலும் நான்கு சிறிய செங்குறுமீன்களில் நடந்த பெரிய சுடர்வீச்சுகளை, கோள் தேடும் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் 2021இல் ஆராய்ந்தார்கள். அவை நடுக்கோட்டுப் பக்கம் நடக்கவில்லை. 55 பாகை அகலக்கோட்டுக்கு மேல், துருவங்களை ஒட்டி நடந்திருந்தன. கோள்கள் பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு நேரே சுற்றுவதால், அடி சாய்வாகத்தான் விழும். தவிர, உயிரின் முதல் மூலக்கூறுகள் சேர ஓரளவு புற ஊதா தேவை என்று நினைக்கும் வேதியியலாளர்களும் உண்டு. செங்குறுமீனின் வழமையான ஒளியில் அது போதாது. சுடர்வீச்சுதான் அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். இந்த இரண்டாவதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் ஒதுக்கிவிடவும் மனமில்லை.

மருமகனுக்குக் கடைசியாகச் சொன்னது 2025இல் வந்த ஒரு முடிவு. ஹிப் 67522 என்ற விண்மீன், செங்குறுமீன் அல்ல, சூரியனைவிடக் கொஞ்சம் பெரிது. வயது வெறும் 17 மில்லியன் ஆண்டு. அதை ஒட்டி ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு பெரிய வாயுக் கோள் சுற்றுகிறது. ஐரோப்பாவின் கியோப்ஸ் தொலைநோக்கியின் உதவியோடு 15 சுடர்வீச்சுகளை எண்ணினார்கள். அவை கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும் பொழுதை ஒட்டியே குவிந்திருந்தன. கோள் விண்மீனின் காந்தக் கோடுகளைச் சீண்டுகிறது, அந்தச் சீண்டல் கோடு வழியே அலையாக விண்மீனுக்கு ஓடிப்போய், ஏற்கெனவே விறைத்து நிற்கும் நூலை அறுத்துவிடுகிறது. வருகிற அடி கோளின் தலையிலேயே.

"தன்ரை வாயாலை தானே கெடுற மாதிரி" என்றான்.

எனக்கு நினைவு வந்தது வேறு. விளக்கோடு முகத்தை ஒட்டிவைத்துப் பாடம் சொல்லும்போது, எங்கள் மூச்சுப் பட்டே சுடர் ஆடும். ஆடினால் புகையும், சீறும். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வரும்: "மூச்சை அங்காலை விடடா!"